தண்ணிக்கு ஒரு முட்டி

ஒக்டோபர் பதினொராம் திகதி, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வாய்க்கால் துப்புரவாக்க வந்த பெக்கோ இயந்திரம் என் செங்கல் சூளையின் வடகிழக்கு மூலையில் கரையையும் சேர்த்து வாரியெடுத்தது. அந்த மண்ணோடு ஒரு சின்ன முட்டி உருண்டு வந்தது. வாயைத் துணியால் மூடி, சிவப்பு நூலால் சுற்றிக் கட்டிய முட்டி. விழுந்தும் உடையவில்லை.

பெக்கோ ஓட்டிய விஜிதரன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கினான். முட்டியைக் கையால் தொடாமல் ஒரு தடியால் தள்ளிப் பார்த்தான். உள்ளே தண்ணீர் அசைகிற சத்தம் கேட்டது.

"இஞ்ச ஓடிவாங்கோ! ஆரோ தண்ணியைக் கட்டி மண்ணுக்குள்ள தாட்டிருக்கினம்!" என்று கத்தினான்.

ஆரோ என்று தேடத் தேவையில்லை. சூளை என்னுடையது.

அன்றோடு மழை இல்லாத நாள் இருபத்து மூன்று. கண்டாவளைப் பக்கம் எங்கள் குடியேற்றத்தில் முப்பத்தொரு குடும்பம். எல்லாரும் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விதைநெல்லைப் புறா பொறுக்கியது. மழை வந்தால் நட்டப்படுகிற ஆள் ஊரிலேயே நான் ஒருவன்தான். எட்டாயிரத்து நானூறு சுடாத பச்சைக்கல் அறுத்து, காயவைத்து, தென்னோலைக் கிடுகால் மூடி அடுக்கியிருந்தேன். சூளை வைக்க இன்னும் விறகு வந்து சேரவில்லை. ஒரு பெரிய மழை அடித்தால் அவ்வளவும் திரும்பக் களி. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற எவருக்கும் மூன்றாவதாக ஒரு சந்தேகம் தோன்றும். எனக்கே தோன்றியிருக்கும்.

"உதென்ன முத்தண்ணை?" என்று பரமலிங்கம் கேட்டார். ஊர் விவசாயிகள் சேர்ந்த கமக்காரர் அமைப்பின் தலைவர் அவர். எனக்கு அடுத்த வேலி. பதினாலு வருடமாகப் பின்னேரம் ஐந்து மணிக்கு என் வீட்டில் தேத்தண்ணி குடிக்கிறவர்.

"அது சூளைக்கு வைக்கிற முட்டி, பரமலிங்கம். எங்கட வழக்கம். கிடந்த இடத்திலயே வச்சு மூடிவிடுங்கோ."

"மூடுறதோ? நல்ல கதை!" என்றா அமராவதி அக்கா. பரமலிங்கத்தின் தமக்கை. ஊரில் அவாவின் வாய்க்கு முன்னால் வாய் திறப்பவர் குறைவு. "சனம் விதைச்சுப்போட்டு வாயைப் பிளந்துகொண்டு இருக்குது. இவர் மழையை முட்டிக்குள்ள அடைச்சு வச்சுப்போட்டு மூடட்டாம்."

"அக்கா, மழையை முட்டிக்குள்ள அடைக்க ஏலுமே?"

"ஏன் ஏலாது? வற்றாப்பளைக் கோயிலில அம்மாளுக்குக் கடல்தண்ணியில விளக்கெரியுது. தண்ணி எரியுமெண்டால், தண்ணியைக் கட்டவும் ஏலும்."

நானும் அந்த விளக்கைக் கும்பிட்டவன்தான்.

யாரும் முட்டியைத் தொட விரும்பாததால் நானே அதை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து சாமிப் படத்துக்குக் கீழே வைத்தேன்.

அது என்ன முட்டி என்பதை இங்கே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்தை விட்டு இந்தப் பக்கம் வந்த குடும்பம் எங்களுடையது. அப்போது எனக்கு எட்டு வயது. வந்த இடத்தில் கல்லறுக்கிற தொழில் கிடைத்தது. எங்கள் வீட்டில் கல் என்பது ஐந்து பேர் கூடிச் செய்கிற வேலை. அறுக்கிறவன் ஆறாவது ஆள், கூலிக்காரன். மண் ஆத்தா, எதையும் தாங்குவாள், ஆனால் எதையும் மறக்கமாட்டாள். காற்று எங்கும் நில்லாத தம்பி. நெருப்பு மச்சான், அவனோடு கொஞ்சம் பகிடிவிட்டுத்தான் வேலை வாங்கவேண்டும். ஆகாயம் பெரியவர், கேட்டாலும் ஒன்றும் சொல்லமாட்டார். தண்ணி தங்கச்சி. ஐந்து பேரிலும் ரோசக்காரி அவள்தான்.

மண்ணைக் குழைக்கும்போது தங்கச்சியைக் கூப்பிட்டு உள்ளே விடுகிறோம். சூளை மூட்டும்போது மச்சான் வந்து அவளைத் துரத்துகிறான். வேலை முடிந்ததும் துரத்தினால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கோபத்தில்தான் கல் வெடிக்கும். ஆகவே நெருப்பு வைக்கமுதல் அவளில் கொஞ்சத்தை ஒரு முட்டியில் எடுத்து, நெருப்பு முகத்தைப் பார்க்காதபடி வாயைத் துணியால் மூடி, குளிர்ச்சியான ஒரு மூலையில் இருத்திவிட வேண்டும். அடுத்த வருடச் சூளை வரைக்கும் அவள் அங்கே இருப்பாள். மற்ற நான்கு பேருக்கும் கற்பூரமும் வெற்றிலையும் போதும்.

இதில் நான் எவ்வளவை நம்பினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செய்யாமல் ஒரு சூளையும் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

முட்டியை மூடிக் கட்டுவது என் மனைவி சிவலட்சுமியின் வேலை. பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து, நூலை ஏழு சுற்றுச் சுற்றி, கழுத்தடியில் ஒரு முடிச்சுப் போடுவாள். நான் போட்டால் வழுக்கும். அவள் போட்டால் மண்ணுக்குள் ஒரு வருடம் கிடந்தாலும் தளராது. போன வருடம் ஆவணியில் இந்த முட்டியையும் அவள்தான் கட்டினாள். ஐப்பசியில் செத்துப்போனாள். நெஞ்சு நோகுது என்றாள். கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் பரந்தன் சந்தி தாண்டமுதல் முடிந்துவிட்டது.

முட்டியைக் கட்டியது அவள் என்று நான் வாய்க்கால் கரையில் சொல்லவில்லை. சொன்னால் பழி அவளுக்குப் போகும். நான் என்றால் திருப்பிக் கதைப்பேன். அவள் என்ன செய்வாள்?

அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு இரண்டு கோப்பை தேத்தண்ணி போட்டேன். பரமலிங்கம் வரவில்லை. அடுத்த நாளும் இரண்டு போட்டேன். மூன்றாம் நாள் ஒன்று.

கடையில் சாமான் தருவார்கள், கதை தரமாட்டார்கள். நான் போனதும் வாங்குப் பலகையில் இருந்தவர்களுக்கு வேறு வேலை ஞாபகம் வரும். சைக்கிளில் எதிரே வருகிறவர்கள் வேலியைப் பார்த்தபடி மிதித்தார்கள். ஒரு கிழமையில் நான் வாயால் சொன்ன வார்த்தைகளை எண்ணிப் பார்த்தேன். மகள் பிரேமிளாவோடு தொலைபேசியில் கதைத்ததைக் கழித்தால், "ஒரு கிலோ சீனி", "ஓம்", "இல்லை", "சரி".

நவம்பர் மூன்றாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, சிவலட்சுமியின் ஆட்டைத் திவசம் வந்தது. முதலாவது ஆண்டு. மகள் வவுனியாவில், வயிற்றில் ஏழு மாதம், வைத்தியர் கட்டிலை விட்டு எழும்பக்கூடாது என்று சொல்லியிருந்தார், மருமகன் அவளைத் தனியே விட்டு வரமுடியாது. "அப்பா, நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுங்கோ. ஒருத்தரும் இல்லாமல் அம்மாவுக்குப் படைக்காதேங்கோ," என்று அழுதாள். எனக்கும் அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. சிவலட்சுமி இந்த ஊரில் எத்தனையோ வீட்டுச் சாவுக்கும், பெண் பெரியபிள்ளையாகிற சாமத்தியத்துக்கும் மாவிடித்துக் கொடுத்தவள். அவளின் சோற்றைத் தின்ன நாலு பேராவது வந்து, அவளைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்துவிட்டுப் போகவேண்டும்.

ஒக்டோபர் இருபத்தைந்தாம் திகதியே வீடுவீடாகச் சொல்லப் போனேன். பதினோரு வீடு. ஒருவருக்கு அன்றைக்குக் கலியாணம். ஒருவருக்குக் கால் ஏலாது. ஒரு வீட்டில் படலையைத் திறக்காமலே "அவர் இல்லை" என்றார்கள். அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

இருபத்தெட்டாம் திகதி திங்கட்கிழமை அவர்களே வந்தார்கள். பரமலிங்கம், அமராவதி அக்கா, விஜிதரன், பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். படலைக்கு வெளியே நின்றார்கள்.

"முத்தண்ணை, நாற்பது நாளாகுது," என்றார் பரமலிங்கம். என் முகத்தைப் பார்க்கவில்லை. "விதைச்சது முழுக்கப் போகப்போகுது. ஒருத்தரும் உங்களோட சண்டைக்கு வரேல்ல. அதை அவிழ்த்துவிடுங்கோ."

"நான் ஒண்டையும் கட்டேல்ல, பரமலிங்கம்."

"அப்ப அவிழ்க்கிறதில உனக்கென்ன நட்டம்?" என்றா அமராவதி அக்கா. "கட்டாத மாட்டை அவிழ்த்துவிட ஏன் இவ்வளவு பஞ்சிப்படுறாய்?"

சிலர் சிரித்தார்கள். இரண்டரைக் கிழமைக்குப் பிறகு என் படலையடியில் கேட்ட சிரிப்பு. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: அது எனக்குப் பிடித்திருந்தது.

அவிழ்த்தால், கட்டியிருந்தேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். அவிழ்த்தும் மழை வராவிட்டால், ஏமாற்றினேன் என்பார்கள். வந்தால், எட்டாயிரத்து நானூறு கல்லும் கரையும். அவிழ்ப்பதென்றால் அவள் விரல் கடைசியாகப் போட்ட முடிச்சை அவிழ்க்கவேண்டும். நாலையும் யோசித்துவிட்டுக் கேட்டேன்:

"அவிழ்த்தால் ஞாயிற்றுக்கிழமை சிவலட்சுமியின்ர திவசத்துக்குச் சாப்பிட வருவியளோ?"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "மழை வந்தால் வருவம்," என்றார் பரமலிங்கம்.

முட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். எல்லாரும் பத்தடி தள்ளி நின்றார்கள். மந்திரம் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போல. எனக்கு ஒன்றும் தெரியாது. முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிளறினேன், வரவில்லை.

"கத்தியால வெட்டுங்கோவன்," என்றான் விஜிதரன்.

"வெட்டேலாது."

"வெட்டினால் மழைக்கு நோகுமாக்கும்," என்றா அக்கா.

பல்லால் கடித்து, கடைசியில் அவிழ்த்தேன். ஏழு சுற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி நூலை மடியில் வைத்தேன். துணியையும் மடித்து வைத்தேன். முட்டிக்குள் பாதிக்கும் குறைவாகத் தண்ணீர் இருந்தது, தெளிந்த தண்ணீர். வாய்க்காலில் ஊற்றினேன். காய்ந்த மண் அதை உடனே குடித்துவிட்டது. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். நான் மடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய், புதன், ஒன்றுமில்லை. வியாழக்கிழமை தீபாவளி. சாவு நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பலகாரம் சுடுவதில்லை, அயலவர்தான் கொடுத்தனுப்புவார்கள். ஒரு வீட்டிலிருந்தும் வரவில்லை. வேலிக்கு அங்கால் பரமலிங்கத்தின் குசினியில் எண்ணெய் கொதிக்கிற மணம் வந்தது.

வெள்ளிக்கிழமை விடியும்போது மழை பிடித்தது.

முதலில் கிடுகில் ஒன்றிரண்டு துளி. பிறகு வேலி தெரியவில்லை. வயல் பக்கம் ஆட்கள் கூவுகிற சத்தம் கேட்டது; யாரோ தகரத்தில் தட்டினார்கள். நான் கிடுகுகளுக்கு மேலே கறுப்புப் பொலித்தீனை இழுத்துக் கட்டப் பார்த்தேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. பத்து மணிக்குள் கீழ் வரிசைக் கற்களின் மூலைகள் உருண்டுவிட்டன. பின்னேரம் மூன்று மணிக்கு அடுக்கு முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மெதுவாகப் படுத்தது. உள்ளே வா என்று கூப்பிடாமலே தங்கச்சி வந்துவிட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கொடுத்து ஒரு கல்லையாவது தூக்கிவைக்க இன்னொரு ஆள் இல்லை.

சனியும் விடவில்லை. ஞாயிறும் விடவில்லை.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழும்பிச் சமைத்தேன். பதினைந்து பேருக்கு. சோறு, பருப்பு, பூசணிக்காய், வாழைக்காய்ப் பொரியல், பாயசம். சிவலட்சுமியின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்தேன். காகத்துக்குச் சோறு வைக்க முற்றத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். அந்த மழையில் ஒரு காகம் இல்லை. சோறு கரைந்து வெள்ளையாக ஓடியது. வீட்டுக்குள் வந்து வாழை இலைகளை வெட்டித் துடைத்து அடுக்கினேன். பன்னிரண்டு மணி. ஒரு மணி. இலையின் ஓரங்கள் சுருளத் தொடங்கின.

ஒன்றரை மணிக்குப் படலை சத்தம் கேட்டது. பரமலிங்கம், அமராவதி அக்கா, விஜிதரன், இன்னும் இரண்டு பேர். தலையில் யூரியாப் பையைக் கவிழ்த்துக்கொண்டு முற்றத்து வெள்ளத்தில் நின்றார்கள்.

"வாங்க, வாங்க," என்றேன். அவசரத்தில் எங்கள் வீட்டு மலையகப் பேச்சு வந்துவிட்டது.

"நாங்கள் இருக்க வரேல்ல, அண்ணை," என்றார் பரமலிங்கம். "வயல் எல்லாம் குளமாக் கிடக்குது. இன்னும் ரெண்டு நாள் இப்பிடி நிண்டால் விதை அழுகிப்போகும். அளவாத் திறந்திருக்கலாம்தானே? இப்ப திருப்பிக் கட்டிவிடுங்கோ."

திவசத்தை அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். கோபத்தில் வராமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை, மறந்துபோயிருந்தார்கள்.

நான் அதைக் கட்டவில்லை, அவிழ்க்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் திரும்பிப் போய்விடுவார்கள். ஐந்து பேர் என் முற்றத்தில் நிற்கிறார்கள். உள்ளே பதினைந்து இலை கிடக்கிறது.

"கட்டலாம்," என்றேன். "ஆனால் முதலில சாப்பிடவேணும். சாப்பிடாமல் கட்டேலாது."

"அது என்ன சட்டம்?" என்றான் விஜிதரன்.

"அதுதான் சட்டம்."

கால் கழுவி உள்ளே வந்தார்கள். இலைகளுக்கு முன்னால் வரிசையாக இருந்தார்கள். நான் பரிமாறினேன். சோற்றை வாயில் வைக்கமுதல் விஜிதரன் பரமலிங்கத்தைப் பார்த்தான். பரமலிங்கம் தன் இலையைப் பார்த்தார். பயத்தோடு சாப்பிடுகிறவர்கள் எவ்வளவு வேகமாகச் சாப்பிடுவார்கள் என்று அன்றைக்குத்தான் கண்டேன். சுவரில் சிவலட்சுமி இருந்தாள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் இதையா கேட்டேன் என்று நினைத்தபடி பருப்புச் சட்டியோடு நின்றேன்.

அப்போது அமராவதி அக்கா கையை இலையில் ஊன்றிக்கொண்டு சொன்னா:

"பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு, முத்து."

"ஓம் அக்கா."

"ஓமாம்! அவள் இருந்தால் இதைப் பந்திக்கு விடுவாளே? என்ர மூத்தவளின்ர சாமத்திய வீட்டில ஒரு அண்டாப் பாயசம் லேசாப் பிடிச்சிட்டுது எண்டு, அப்பிடியே தூக்கி மாட்டுக்கு ஊத்தினவள். நான் கத்துறன், அவள் ஊத்துறாள். 'அக்கா, சும்மா இருங்க'ண்டு எனக்கே சொன்னவள்!"

"உனக்கே சொன்னவவோ?" என்றார் பரமலிங்கம். வாயில் சோறோடு சிரிப்பு வந்துவிட்டது.

"ஓமடா, எனக்கு! ஊரில வேற ஆர் சொல்லுவினம்?"

விஜிதரனும் சிரித்தான். அக்கா நிமிர்ந்து படத்தைப் பார்த்தா. கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு, "மிச்சப் பருப்பையும் போடு," என்றா. நான் போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டேன்.

சாப்பிட்டு முடிந்ததும் பயம் திரும்பி வந்தது. கை கழுவினார்கள், யூரியாப் பையை எடுத்தார்கள். திவச வீட்டில் போய்வருகிறோம் என்று சொல்வதில்லை. பரமலிங்கம் மட்டும் திரும்பி, "மறந்திடாதேங்கோ அண்ணை," என்றார். கட்டுவதைத்தான் சொன்னார்.

அவர்கள் போனபின் முட்டியை எடுத்து முற்றத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அரைவாசி நிரம்பியது. அதே சேலைத் துண்டால் வாயை மூடினேன். அதே நூலை ஏழு சுற்றுச் சுற்றினேன். முடிச்சுத்தான் வரவில்லை. போட்டேன், வழுக்கியது. திரும்பப் போட்டேன். அவள் முதலில் நூலை எந்தப் பக்கம் கொண்டுவருவாள், இடமோ வலமோ? இருபத்தொன்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவனுக்கு அது தெரியவில்லை. கடைசியில் மாட்டுக்குப் போடுகிற முடிச்சு ஒன்றைப் போட்டு வைத்தேன். தங்கச்சியிடம் நிற்கச் சொல்லிக் கேட்கவில்லை, வரச் சொல்லியும் கேட்கவில்லை. இருந்துகொள் என்றேன்.

புதைக்கவில்லை. படலையடியில், வேலிக்கு உள்பக்கம், போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி ஒரு கல்லின்மேல் வைத்தேன். எரிக்காத கல்லில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை பின்னேரம் மழை தூறலாகக் குறைந்திருந்தது, நிற்கவில்லை. ஐந்து மணிபோலப் பரமலிங்கம் வயலிலிருந்து சைக்கிளில் வந்தார். படலையைத் தாண்டிப் போய், பிரேக் பிடித்து, ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"முத்தண்ணை, முடிச்சுத் தளர்ந்து கிடக்குதே. அதாக்கும் இன்னும் தூறுது."

"எனக்கு அந்த முடிச்சு வராது, பரமலிங்கம். சிவலட்சுமிதான் கட்டுறவ."

அவர் முட்டியைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். ஊதாப் பூப்போட்ட சேலைத் துண்டு. அந்தச் சேலையை அவருக்கும் தெரியும்.

"அப்ப... அண்டைக்குப் பெக்கோவில வந்தது?"

"அவ கட்டினதுதான்."

தூறல் அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. யூரியாப் பையைப் போட மறந்துபோனார்.

"அதை ஏனண்ணை அண்டைக்குச் சொல்லேல்ல?"

"சொல்லியிருந்தால் அவவையெல்லோ பேசியிருப்பியள்."

அவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. போகவும் இல்லை.

நான் உள்ளே போய்க் கேத்திலை அடுப்பில் வைத்து, இரண்டு கோப்பைத் தண்ணீர் அளந்து ஊற்றினேன்.